ராஜினாமா செய்தவருக்கு மறுபடி வேலை

தானாக எழுதிக் கொடுத்துவிட்டு நின்றவர், அதே வேலையைத் திரும்பக் கேட்க இந்தியச் சட்டத்தில் உரிமை இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு மட்டும், அந்த நிறுவனம் பின்னால் ஆள் எடுக்கும்போது முன்னுரிமை தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும், ஓராண்டு வரம்பு வைத்து, அந்த முன்னுரிமையை ஏற்கிறது. இரண்டிலும் ராஜினாமா செய்தவருக்கு இடமில்லை. இதில் ஒரு நியாயமும் உண்டு: நிர்வாகம் வெளியே அனுப்பியவரும் தாமாக விலகியவரும் ஒரே நிலையில் இல்லை. ஆனால் உரிமை இல்லை என்பதாலேயே, “போனவரை எடுப்பதில்லை” என்று பொதுவிதி வைத்து, வந்தவரின் பழைய வேலையைப் பார்க்காமலே திருப்பி அனுப்புவது சரியாகிவிடாது.

ஆய்க்குடி, தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் இந்த விதி யாரை அதிகம் அடிக்கும் என்று பார்க்க வேண்டும். இங்கே ஏராளமான பெண்கள் பீடி சுற்றிப் பிழைக்கிறார்கள். வீட்டிலிருந்தே சுற்றுபவர்களும் வருங்கால வைப்புநிதிக்கு உரிய தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. வேலையை விட்டவர் வைப்புநிதியை எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், திருமணத்துக்காக ராஜினாமா செய்யும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று திட்ட விதியே விலக்கு அளித்தது. அதாவது, பெண் வேலையை விடுவது பல நேரம் குடும்பத்தின் முடிவு என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது. கல்யாணம், பிரசவம், படுத்த படுக்கையான மாமியார் என்று நின்றவரைத் துரோகி போல நடத்துவது கொடுமை. வேலை கொடுக்கும் இடங்கள் குறைவான சிற்றூரில், ஒரு கதவு அடைபட்டால் அடுத்த கதவு பக்கத்தில் இருப்பதில்லை. பண இழப்பும் சிறிதல்ல. நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை கிடைக்கப் பொதுவாக 5 ஆண்டுத் தொடர் பணி வேண்டும். ராஜினாமாவுக்குப் பிறகு அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். வைப்புநிதியோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு வேண்டும். இடையில் ஓய்வூதியப் பணத்தைக் கையில் வாங்கிவிட்டால் பழைய ஆண்டுகள் போய்விடும். அதற்குப் பதில் பழைய பணி ஆண்டுகளைக் காட்டும் திட்டச் சான்றிதழை வாங்கி வைத்தால், அவை அடுத்த பணியோடு சேரும். பலருக்கும் இது சொல்லப்படுவதே இல்லை.

போனவரைத் திரும்ப எடுத்தால் எல்லோரும் நினைத்தபோது போய் நினைத்தபோது வருவார்கள், நின்று உழைத்தவர்களுக்கு மனக்குறை வரும் என்பது நிர்வாகங்களின் வாதம். கவலை நியாயமானதுதான். அதற்கு மருந்து அளவுகோல். மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளே அப்படி ஒன்றை வைத்திருக்கின்றன: நேர்மை, திறமை, நடத்தை குறித்த புகார் இல்லாமல், கட்டாயச் சூழலால் ராஜினாமா செய்த ஊழியரின் நிலைமை பின்னர் மாறியிருந்தால், பணியைவிட்டு 90 நாளுக்குள் திரும்பும்படியும் அதே இடமோ ஈடான இடமோ காலியாக இருந்தால், ராஜினாமாவைத் திரும்பப் பெற அனுமதிக்கலாம். ஒழுங்கில் கண்டிப்பான அரசு அலுவலகமே இதைத் தாங்குகிறது என்றால், தனியார் நிறுவனம் தாங்காது என்பதை நான் ஏற்கவில்லை. பழைய சம்பளமும் பழைய பதவி மூப்பும் தர வேண்டியதில்லை. புதிய ஆள் போலவே எடுக்கட்டும். சொல்லாமல் நின்றவரையும் பணம் கையாடியவரையும் மறுக்கட்டும். காரணத்தை மட்டும் எழுத்தில் தரட்டும். வேலை தெரிந்தவரைப் புதிதாகப் பழக்கும் செலவு குறைவு என்பதால் நிர்வாகத்துக்கும் இதில் நட்டமில்லை.

விலகும் எண்ணத்தில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வருங்காலத் தேதியிட்ட ராஜினாமாவை, அந்தத் தேதி வரும்முன் பொதுவாகத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978இல், ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியின் வழக்கிலேயே கூறியது. பணி நிபந்தனைகள் வேறு மாதிரி இருந்தால் அது செல்லாமலும் போகலாம். ஆகவே கடிதம் கொடுக்கும் முன் அவற்றைப் படிக்க வேண்டும், சம்பளமில்லா நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று முதலில் கேட்க வேண்டும்.