வீட்டு விலங்குகளின் விந்தைகள் – 9: குப்பைமேனி வேரும் பூனையின் மயக்கமும்

கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணாம் வரை பரந்துள்ள வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில், லயத்து வீடுகளின் ஓரத்தில் முளைத்த குப்பைமேனியை யாரேனும் களையெனப் பிடுங்கிப் போட்டால், அதுவரை அச்செடியைத் திரும்பியும் பாராமல் கடந்து சென்ற பூனை ஓடிவந்து அதன் வேரை முகர்ந்து, நக்கி, கடித்து, கன்னத்தையும் நெற்றியையும் மாறி மாறித் தேய்த்து, இறுதியில் மல்லாந்து புரளத் தொடங்கிவிடும். சில நிமிடங்களில் எழுந்து உடலை உதறிக்கொண்டு போய்விடும் அப்பூனை, அதே வேரை மறுபடியும் முகத்தருகே நீட்டினாலும் சிறிது நேரத்துக்கு அதைப் பொருட்படுத்துவதில்லை. வீட்டு நாய்க்கோ இதில் எந்த ஈடுபாடும் கிடையாது.

குப்பைமேனி ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடி. தோட்டத் தமிழரின் வாழ்வையே வடிவமைத்த ரப்பர் மரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பலர் கவனியாத செய்தி. இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோகோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கிய பிறகு, பால்மரக்காடுகள் படிப்படியாகச் செம்பனைக்கு இடம்விட்டபோதும், வேலியோரக் களைகள் மட்டும் இடம்பெயரவில்லை. சிரங்குக்கு மஞ்சளும் உப்பும் சேர்த்துக் குப்பைமேனி இலையை அரைத்துப் பூசும் வைத்தியம் தமிழரோடு வந்தது. பூனைக்கும் இதற்கும் உள்ள உறவும் அவ்வாறே அறியப்பட்டிருந்ததால், இச்செடிக்குப் பூனைவணங்கி என்ற பெயரும் உண்டு. மலாய்க்காரர்களும் இதைப் பூனையின் பெயராலேயே ‘கூச்சிங் காலாக்’ என்கின்றனர்.

மேலை நாடுகளில் பூனைகளை மயக்கும் கேட்னிப் என்னும் புதினா இனச் செடியில் மணப்பொருள் இலையில் இருக்கிறது. குப்பைமேனியிலோ அது வேரில் இருப்பதால், மண்ணுக்குள் உள்ளவரை பூனை அதை அறிவதில்லை. இவ்வேரில் பூனையை ஈர்ப்பவை ஐசோடைஹைட்ரோநெபெடலாக்டோன், ஐசோஇரிடோமிர்மெசின் ஆகிய இரண்டு சேர்மங்கள் என்று மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தனர். இவை இரிடாய்டு எனப்படும் வகையைச் சேர்ந்தவை. எதிரிகளை விரட்ட இத்தகைய பொருள்களைச் சுரக்கும் ஓர் எறும்பினத்தின் பெயரிலிருந்து வந்ததே அச்சொல். தம்மைத் தின்ன வரும் பூச்சிகளை அண்டவிடாமல் தடுக்கத் தாவரங்களும் இவற்றை உண்டாக்குகின்றன. பூச்சிக்கு ஆகாத பொருளைப் பூனை ஏன் இவ்வளவு விரும்பி முகத்தில் பூசிக்கொள்கிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் ஜப்பானியர்கள்.

இவாத்தே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெய்கோ உவெனோயமா, மசாவோ மியாசாகி ஆகியோரின் குழு, ஜப்பானிய மலைகளில் வளரும் மதாதாபி என்னும் கொடியை எடுத்துக்கொண்டு நடத்திய ஆய்வை 2021இல் வெளியிட்டது. அக்கொடியில் உள்ள நெபெடலாக்டால் என்னும் இரிடாய்டை முகர்ந்த பூனைகளின் இரத்தத்தில், உடல் தானே சுரக்கும் வலிநீக்கியும் இன்பமூட்டியுமான பீட்டா எண்டார்ஃபின் மிகுந்திருந்தது. அபின் வகை மருந்துகளின் விளைவைத் தடுக்கும் நாலொக்சோனை முன்கூட்டியே செலுத்தியபோது பூனைகள் தேய்ப்பதும் புரள்வதும் வெகுவாகக் குறைந்தன. இவற்றினும் பொருள் பொதிந்தது அடுத்த சோதனை. மணம் தடவிய தாளைத் தரையில் வைக்காமல் சுவரிலும் கூரையிலும் ஒட்டியபோது, பூனைகள் எட்டி எட்டித் தலையையும் முகத்தையும் அதில் தேய்த்தனவேயன்றித் தரையில் புரளவில்லை. ஆகவே புரளுதல் மயக்கத்தின் தள்ளாட்டமன்று. மணத்தை உடலில் ஏற்றிக்கொள்வதற்கான வழி. அவ்வாறு மணம் ஏறிய பூனைகளின் மீது ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுக்கள் குறைவாகவே அமர்ந்ததையும் அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். அச்சோதனை மதாதாபியில் நடந்தது. குப்பைமேனி வேரில் உள்ளவையும் அதே குடும்பச் சேர்மங்கள் என்பதால் அவ்விளக்கத்தை இங்கும் பொருத்திப் பார்க்க இடமுண்டு. வேரில் புரளும் பூனையைக் குடிகாரனோடு ஒப்பிட்டுச் சிரிப்பது பொருந்தாத ஒப்பீடு என்பதற்கு இதுவே போதும்.

ஏடிஸ் அல்போபிக்டஸ் சிலாங்கூர் மக்களுக்குப் புதிய பெயரன்று. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் இரு கொசுக்களில் தோட்டங்களிலும் புதர்களிலும் வாழ்வது இதுதான். பூனைக்கு டெங்கி ஒரு பொருட்டில்லை எனினும் கொசுவால் வரும் கேடு உண்டு. சதுப்பு நிலங்களில் பெருகும் மான்சோனியாக் கொசுக்கள் பரப்பும் யானைக்கால் புழுவான புரூகியா மலாயி மனிதரோடு பூனையின் உடலிலும் இலைக்குரங்கின் உடலிலும் வாழ்கிறது. 1956இல் பக்லி, எடெசன் ஆகிய இருவரும் மலாயாவில் ஒரு நாயிலும் ஒரு பூனையிலும் கண்டு விவரித்த இன்னொரு புழுவுக்குப் பகாங் மாநிலத்தின் பெயரே சூட்டப்பட்டது. கரிச்சதுப்புக் காடும், தஞ்சோங் காராங் நெல்வயல்களும், ஆற்றோரத் தாழ்நிலங்களும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் முகத்தில் தேய்த்துக்கொள்ளும் ஒரு வேர் பூனைக்கு வீண் ஆடம்பரமாக இருந்திராது என்று கருத இடமுண்டு.

எல்லாப் பூனைகளும் இதற்கு மயங்குவதில்லை. கேட்னிப்பைப் பொறுத்தவரை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பூனைகளே மயங்குகின்றன. அந்த இயல்பு பெற்றோர் வழியாக வருவது. சில மாதங்களே ஆன குட்டிகளிடம் அது தோன்றுவதுமில்லை. குட்டி வேரைச் சீண்டவில்லை என்பதால் அதற்கு நோயென்று அஞ்ச வேண்டியதில்லை.

பூனைக்கு இன்பம் தரும் இச்செடி மனிதருக்கு எப்போதும் தீங்கற்றது என்று கொள்ளலாகாது. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்கள் குப்பைமேனியை உண்டு, இரத்த அணுக்கள் சிதைந்து துன்புற்ற நிகழ்வுகள் இலங்கையில் பதிவாகியுள்ளன. மலேசிய மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இக்குறைபாடு சோதிக்கப்படுவதால், குறைபாடு உள்ளதெனச் சொல்லப்பட்ட பிள்ளைகளுக்குக் குப்பைமேனிக் கீரையோ சாறோ கொடுக்காமல் இருப்பது பெற்றோரின் கடமை. பூனைக்கு வேர் கொடுக்க விரும்புவோரும் அதைச் செம்பனை மரத்தடியிலிருந்தும் தோட்டச் சாலையோரத்திலிருந்தும் பிடுங்கிவரக் கூடாது. நச்சுமிக்க பாராகுவாட் மலேசியாவில் 2020 சனவரி முதல் தடைசெய்யப்பட்டிருந்தாலும், வேறு களைக்கொல்லி மருந்துகள் அங்கே தொடர்ந்து அடிக்கப்படுகின்றன. பூனையோ வேரை முகர்வதோடு நில்லாமல் நக்கவும் கடிக்கவும் செய்கிறது. வீட்டுப் பூந்தொட்டியில் தானே முளைத்த செடியை விட்டுவைத்து, தேவைப்படும்போது அதன் வேரை மண் போகக் கழுவிக் கொடுப்பதே ஏற்றது.