மைக்கை அணைத்த மகள்

கம்ப்யூட்டரில் ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடும் விளையாட்டில் என் மகள் கெட்டிக்காரி. ஆனால் மைக்கை அணைத்துவிட்டு ஊமையாகத்தான் ஆடுகிறாள். பெண் குரல் கேட்டதுமே, கூட ஆடும் பையன்கள் "போய்ச் சமையலைப் பாரு" என்கிறார்களாம். தோற்றுவிட்டாலோ காது கூசும் வசவு! முகம் தெரியாது, ஊர் தெரியாது. அரைமணி நேரப் பழக்கம். அந்தத் தைரியம்தான்.

நடத்துபவர்களும் சும்மா இல்லை. 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' விளையாட்டில் 2012லும், 'ஓவர்வாட்ச்' விளையாட்டில் 2018லும், பண்பாக ஆடுபவரைச் சக ஆட்டக்காரர்களே பாராட்டும் வசதி வந்தது. திட்டுகிறவன் குரலை அடைக்க 'மியூட்', புகார் செய்ய 'ரிப்போர்ட்' பட்டன்களும் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு இரண்டையும் பழக்குங்கள். "விளையாட்டே வேண்டாம்" என்று அவர்களைத் தடுப்பது நியாயமா? தப்பு செய்கிறவன் வேறொருவன் ஆச்சே!

மகனைப் பெற்ற சகோதரிகளே, "எவ்வளவு நேரம்டா ஆடுவே?" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அம்மா எதிரில் வாயில் வராத வார்த்தை, இன்னொரு வீட்டுப் பெண்ணிடம் மட்டும் ஏன் வரவேண்டும்?

- ஒரு வாசகி, திண்டுக்கல்