விண்டோஸ் டிஸ்க், லினக்ஸ் கம்ப்யூட்டர்: உங்களுக்குத் தெரியுமா?

● விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை 1993-இல் வந்தது. லினக்ஸில் அதைப் படிப்பதோடு நம்பி எழுதவும் உதவிய என்டிஎஃப்எஸ்-3ஜி நிரலின் முதல் நிலையான பதிப்பு 2007-இல்தான் வெளியானது. பாராகன் நிறுவனம் எழுதிக்கொடுத்த டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள் நுழைந்தது 2021 அக்டோபரில், 5.15 பதிப்பில்.

● ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை! விண்டோஸ் 8 முதல் இருக்கும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’, கெர்னலின் நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு உறங்கப் போகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே மறுக்கும். மாறாக, ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குள் வந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும்.

● லினக்ஸ் கருவி ஒன்றுக்கு ‘என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்’ என்று பெயர் இருந்தாலும் அது முழு வைத்தியர் அல்ல. சில அடிப்படைப் பிழைகளைத் திருத்தும், மாற்றங்களைப் பதியும் ஜர்னலைத் துடைக்கும், அடுத்த முறை விண்டோஸ் எழும்போது சோதனை நடக்கும்படி குறித்துவைக்கும். அவ்வளவுதான். என்டிஎஃப்எஸ் டிரைவ் மோசமாகக் குழம்பிவிட்டால், ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி ‘செக்டிஸ்க்’ ஓட்டுவதே நல்லது.

● ஃபேட்32, எக்ஸ்ஃபேட் பென் டிரைவ்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். டாஸ்எஃப்எஸ்டூல்ஸ், எக்ஸ்ஃபேட்ப்ராக்ஸ் என்ற தொகுப்புகளில் உள்ள கருவிகளைக் கொண்டு லினக்ஸிலேயே சோதித்துப் பழுதுபார்க்கலாம். டிரைவை முதலில் அன்மவுன்ட் செய்ய மறக்காதீர்கள்.

● விண்டோஸை அடியோடு நீக்கிய லேப்டாப்பிலும் ஒரு ஃபேட் பார்ட்டிஷன் ஒளிந்திருக்கும். யுஇஎஃப்ஐ முறையில் எழும் கம்ப்யூட்டர், பூட் கோப்புகளை அங்கிருந்துதான் எடுக்கிறது. ‘எதற்கு இது?’ என்று அழித்துவிட்டால் லினக்ஸும் எழாது.

● பென் டிரைவில் இடம் தாராளமாக இருக்கிறது. பெரிய சினிமா மட்டும் ஏற மறுக்கிறதா? ஃபேட்32-இல் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை. அதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019-இல் வெளியிட்ட பிறகு, லினக்ஸ் கெர்னலிலேயே அதற்கு இடம் கிடைத்தது.

● ‘காப்பி முடிந்தது’ என்று திரை சொன்னாலும், கடைசிப் பகுதி இன்னும் ரேமில் காத்திருக்கலாம். ஃபேட், எக்ஸ்ஃபேட் இரண்டிலும் ஜர்னல் கிடையாது. பாதியில் பிடுங்கினால் சேதம் கூடுதல். ‘எஜெக்ட்’ கொடுத்து, கழற்றலாம் என்ற செய்தி வந்த பிறகே கையை வையுங்கள்.

● தமிழ்க் கோப்புப் பெயருக்கு லினக்ஸில் இடம் குறைவு! என்டிஎஃப்எஸ் 255 யூனிகோட் குறிகளை ஏற்கும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஏற்பதோ 255 பைட். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வீதம் 85 குறிகள்தான். புள்ளியும், ‘மி’யில் உள்ள இகரக் குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 15 பைட் போய்விடும். நகலெடுக்கும்போது ‘பெயர் நீளம்’ என்று மறுத்தால் பெயரைச் சுருக்குங்கள்.

● டிரைவ் திடீரென மந்தமாகி, படிப்பதில் பிழை காட்டினால் குற்றம் பார்மட்டில் இல்லாமல் டிஸ்கிலேயே இருக்கலாம். ‘ஸ்மார்ட்கண்ட்ரோல்’ கருவி அதன் உடல்நிலையைச் சொல்லும். உள்ளே என்டிஎஃப்எஸ் இருந்தாலும் கவலையில்லை. அறிக்கை மோசமாக இருந்தால், பழுதுபார்க்கும் முன் ‘டிடிரெஸ்க்யூ’ மூலம் முழு டிஸ்கையும் வேறொன்றுக்கு நகலெடுத்துவிட்டு, அந்த நகலில் வேலையைத் தொடங்குங்கள்.