சேலம், நாமக்கல் சமவெளியில் ஆங்கிலேய-மைசூர்ப் போர்கள்

தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் சமவெளி, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூர் அரசுக்கும் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனிக்கும் இடையே நடைபெற்ற போர்களின் களங்களுள் ஒன்றாகும். 1792 ஆம் ஆண்டில் இப்பகுதி கம்பனியின் ஆட்சிக்கு உட்பட்டது. போரில் பணியாற்றிய படை அதிகாரிகளே பின்னர் இங்கு நிலவரி அதிகாரிகளாயினர். அவர்கள் உருவாக்கிய இரயத்துவாரி முறை பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது.

அமைவிடமும் கோட்டைகளும்

மைசூர் மேட்டுநிலத்திலிருந்து காவிரிச் சமவெளிக்கு இறங்கும் வழிகள் இப்பகுதியில் உள்ளன. பாராமகால் எனப்பட்ட கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதியிலிருந்து தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலத்தை அடையலாம். ஆத்தூர் வழியாகக் கிழக்கே கடற்கரை நோக்கிச் செல்லலாம். எனவே சங்ககிரி, நாமக்கல், ஆத்தூர் ஆகிய கோட்டைகள் படைநகர்வுகளில் முக்கியத்துவம் பெற்றன. நாமக்கல் கோட்டை ஒரே பாறையாலான குன்றின் உச்சியில் அமைந்துள்ளது. அக்குன்றில் நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைக் கோயில்கள் உள்ளன.

முதலாம் போர் (1767–1769)

1768 இல் கர்னல் வூட் தலைமையிலான கம்பனிப் படை சேலம், நாமக்கல் உள்ளிட்ட பல இடங்களைக் கைப்பற்றியது. ஆனால் பிடித்த கோட்டைகளில் சிறுசிறு காவற்படைகளாகப் பிரித்து நிறுத்தப்பட்டதால் கம்பனிப் படையின் வலிமை குறைந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஐதர் அலி பெரும்படையுடன் வந்து இழந்த கோட்டைகளை விரைவாக மீட்டார். 1769 இல் சென்னையில் செய்யப்பட்ட உடன்படிக்கையோடு போர் முடிவுற்றது. சமவெளி மைசூரின் வசமே இருந்தது. இரண்டாம் போர் (1780–1784) முடிந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை.

மூன்றாம் போர் (1790–1792)

1790 நவம்பரில் திப்பு சுல்தான், தம்மைப் பின்தொடர்ந்த தளபதி மெடோசின் படைக்குப் பிடிபடாமல் தொப்பூர்க் கணவாயைக் கடந்து திருச்சிராப்பள்ளி நோக்கிச் சென்றார். 1791 நவம்பரில் கிருட்டிணகிரிக் கோட்டையைத் தாக்கிய கர்னல் மாக்சுவெலின் படை அதனைப் பிடிக்க இயலாமல் திரும்பியது. எனினும் காரன்வாலிசு 1792 இல் சிறீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டபோது திப்பு உடன்படிக்கைக்கு இணங்கினார். அதன்படி அவர் தமது நாட்டின் ஏறத்தாழப் பாதியை இழந்தார். பாராமகாலும் சேலமும் கம்பனிக்குக் கிடைத்தன.

படைவீரர்களின் நிருவாகம்

சென்னையிலிருந்த கம்பனியின் குடிசார் அலுவலர்களுள் பெரும்பாலோர் உள்ளூர் மொழிகளை அறியாதவர்களாக இருந்தனர். ஆகவே காரன்வாலிசு, படை அதிகாரியான அலெக்சாண்டர் ரீடிடம் இப்பகுதியின் நிருவாகத்தை ஒப்படைத்தார். தாமசு மன்றோ, மக்லியாட், கிரகாம் ஆகிய படை அதிகாரிகள் அவருக்கு உதவியாளர்களாயினர். மன்றோ 1780 முதல் சென்னைப் படையில் பணியாற்றி ஐதருக்கு எதிரான போரில் பங்குபற்றியவர்.

இவர்கள் வயல்களை அளந்து, இடைத்தரகர் இன்றி ஒவ்வொரு உழவரிடமும் நேரடியாக வரி பெறும் முறையை ஏற்படுத்தினர். இதுவே இரயத்துவாரி எனப்பட்டது. ஆயினும் வங்காளத்தில் 1793 இல் நடைமுறைக்கு வந்த நிலையான தீர்வை முறையைப் பின்பற்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் மாவட்ட நிலங்கள் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டன. மிட்டாதாரர் பலர் விதிக்கப்பட்ட தொகையைச் செலுத்த இயலாமல் தம் மிட்டாக்களை இழந்தனர். மன்றோ சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் (1820–1827) இரயத்துவாரி முறை மாகாணத்தில் உறுதிபெற்றது.

பிற்காலம்

1799 இல் திப்பு போரில் இறந்த பின்னரும் எதிர்ப்பு ஓயவில்லை. கொங்குநாட்டில் கம்பனிக்கு எதிராகப் போரிட்ட தீரன் சின்னமலை 1805 இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் 1997 இல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. சங்ககிரி, நாமக்கல் கோட்டைகள் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் உள்ளன.