கல்நார் கூரையும் எல்லைக் கிராமத் தொழிலாளரும்

இடவப்பாதி மழை நெருங்கும் நாட்களில் பாறசாலை, காரோடு, செங்கல், கொல்லயில் முதலிய நெய்யாற்றின்கரை வட்டத்துக் கிராமங்களில் கூரை வேலைக்குக் கிராக்கி கூடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் படிந்த பாசியைச் சுரண்டுவதும், விரிசல் கண்ட ஷீட்டை மாற்றுவதும் அப்போது நடக்கும். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் களியக்காவிளையைத் தாண்டி வேலைக்குச் செல்வோர் இருபுறமும் உண்டு.

ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார். சிமெண்டுடன் கலந்து ஷீட்டாக வார்க்கப்படும் இந்நார் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. முழுதாக இருக்கும் ஷீட்டிலிருந்து தூசி மிகக் குறைவாகவே வெளிப்படும். அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், உலர்ந்த நிலையில் சுரண்டும்போதும்தான் பெரும் ஆபத்து.

20 ஆண்டுக்குப் பின் வரும் நோய்

மூச்சில் நுழைந்த நார் நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்குகிறது. இது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் இதனால் வருகின்றன. பீடி, சிகரெட் பிடிப்போருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்கு. நோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. இந்தியாவிலோ வெள்ளைக் கல்நார் இறக்குமதியாகி வருகிறது. பள்ளிகளின் கல்நார்க் கூரைகளை மாற்றும்படி கேரள மனித உரிமை ஆணையம் 2009ஆம் ஆண்டிலேயே கூறியது.

தீர்ப்பும் கூலியாளும்

1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. தொழிலாளியின் உடல்நலம் அடிப்படை உரிமை என்ற அத்தீர்ப்பு, கல்நார்த் தொழிலில் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும் என உத்தரவிட்டது. ஆனால் இன்று பாறசாலையிலும் நாளை மார்த்தாண்டத்திலும் கூரை ஏறும் தினக்கூலிக்கு யார் பதிவேடு வைப்பார்? பிற்காலத்தில் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைக்குச் சென்றால், காசநோயோ எனச் சளியைச் சோதிப்பார்கள். பழைய கூரை வேலையை அவர் சொன்னாலன்றி மருத்துவர் அறிய வழியில்லை.

ஆகவே எந்த ஆண்டு, எந்த ஊரில், யாரிடம், என்ன வேலை என்பதைத் தொழிலாளரே ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. இரு மாநிலங்களிலும் கட்டிடத் தொழிலாளர் நலவாரியங்கள் உள்ளன. ஏதேனும் ஒன்றில் பதிவு பெற்று, அதைத் தவறாது புதுப்பித்து வரவேண்டும்.

செய்ய வேண்டியவை

ஷீட்டை முதலில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றியோ வெட்டியோ ஷீட்டை முழுதாக இறக்க வேண்டும், மேலிருந்து எறியக்கூடாது. வேகமாகச் சுழலும் கட்டர் மெஷின் கூடவே கூடாது. அறுத்தே தீரவேண்டுமானால் நனைத்துக் கைரம்பத்தால் அறுக்கலாம். முகத்தில் கட்டும் துண்டு இந்நாரைத் தடுக்காது. நுண்தூசிக்கென்றே உள்ள, முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் முகமூடி தேவை. ஷீட்டின்மேல் நேராகக் கால் வைத்தால் அது உடைந்து ஆளே விழக்கூடும். சட்டத்தின்மேல் பலகையிட்டே நடக்க வேண்டும்.

தூசியை உலர்வாகப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை உடுப்புடன் வீடு திரும்பினால் தூசி மனைவி மக்களையும் சேரும். ஆகவே வேலையிடத்திலேயே உடை மாற்றிக் குளிக்க வேண்டும். உடைந்த துண்டுகளைப் பாதைக் குழிக்கோ தென்னை மூட்டுக்கோ போடக்கூடாது. நனைத்துக் கனத்த பிளாஸ்டிக்கில் கட்டி, பஞ்சாயத்தைக் கேட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

முகமூடியும் தண்ணீரும் பலகையும் ஏற்பாடு செய்வது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. கூலி பேசும்போதே வீட்டுக்காரரும் காண்டிராக்டரும் இச்செலவையும் சேர்த்துப் பேசுவார்களானால், இன்று கூரை ஏறும் இளைஞர் அறுபது வயதில் மூச்சுக்குத் தவிக்கமாட்டார்.