ஒரே ரயில், ஒன்பது மாநிலம்! விவேக் எக்ஸ்பிரஸ் பற்றித் தெரியுமா?

இந்தியாவிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் பயணிகள் ரயில் நம் கன்னியாகுமரியில்தான் வந்து நிற்கிறது, தெரியுமா? அசாமின் திப்ருகரில் கிளம்பி, ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் ஓடி வருகிறது. பயண நேரம் மூன்று நாளுக்கும் மேல்!

பெயர் வந்த காரணம் தெரியுமா? சுவாமி விவேகானந்தரின் 150-வது பிறந்த ஆண்டையொட்டி 2011-ல் அறிமுகமான ரயில் இது. அவர் 1892-ல் பாறையில் தியானம் செய்த ஊரே இதன் தென்முனை! இந்த ரயில் வருவதற்கு முன்பு தூரத்தில் முதலிடம் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸுக்கு. அதுவும் குமரிக்கு வரும் ரயில்தான்!

அசாமை விட்டு நாகாலாந்தின் திமாப்பூரைத் தொட்டு, மறுபடி அசாமுக்குள்ளேயே நுழைகிறது, தெரியுமா? தமிழ்நாட்டுக்கும் அதே கதை! காட்பாடியில் நுழைந்து, கோவை தாண்டி, பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளம் போய், குமரி மாவட்டத்தில் திரும்பவும் தமிழ்நாடு! இரண்டு முறை வந்தாலும் சென்னைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை!

எத்தனை ஆறுகள் தெரியுமா? பிரம்மபுத்திரா, கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி, பாரதப்புழா, பெரியாறு! அதிலும் கங்கையைக் கடப்பது ஃபராக்கா அணைக்கட்டின் மேலேயே!

இன்னொன்று கேளுங்கள். இரண்டு முனையிலும் கடிகாரம் ஒரே நேரம்தான் காட்டும். ஆனால் திப்ருகரில் சூரியன் உச்சிக்கு வந்து சுமார் 70 நிமிடம் கழித்துத்தான் குமரியில் உச்சிவெயில்! அசாம் தேயிலைத் தோட்டங்கள் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்ளும் வழக்கமே இதனால்தான்!

எல்லாவற்றையும்விட ஆச்சரியம் இதில் வருகிற மனிதர்கள்! வேலூர் சி.எம்.சி.யில் வைத்தியம் பார்க்கக் குடும்பத்தோடு வருகிறவர்கள், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைக்கும் பிழைப்புத் தேடி வரும் இளைஞர்கள்... காட்பாடி நடைமேடையில் மொழி தெரியாமல் ஒருவர் உங்களிடம் வழி கேட்டால், கொஞ்சம் நின்று காட்டிவிட்டுப் போங்கள். ஏழு மாநிலம் கடந்து, நம் ஊரை நம்பி வந்தவராக இருக்கலாம் அவர்!