மூன்று பாதைகளும் ஒரு கைப்பிடியும்

கோலார் தங்கவயலில் வாழும் ஒருவரின் மிதிவண்டி ஒரே மாலைப் பொழுதில் மூன்று வகைப் பாதைகளைக் கடக்க நேரிடும். இராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் தார்ச்சாலை உண்டு. ஊருக்குப் புறத்தே பழைய சுரங்கப் பகுதிகளை ஒட்டிச் செல்லும் வழிகளில் சரளைக் கற்கள் உருளும். பேத்தமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களை நோக்கித் திரும்பினால் செம்மண் தடம் தொடங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம் ஆதலால், ஏற்ற இறக்கங்களுக்கும் குறைவில்லை. இத்தகைய ஊரில் புதிய மிதிவண்டி வாங்க விரும்பும் மாணவர், நிறத்தையும் கியர் எண்ணிக்கையையும் பார்த்தபின் கைப்பிடியைக் கவனியாமல் விட்டுவிடுவதுண்டு. ஆனால் உள்ளங்கை மரத்துப் போவதும், தோள் வலிப்பதும், கல் நிறைந்த இறக்கத்தில் முன்சக்கரம் கைநழுவுவதும் பெரும்பாலும் கைப்பிடியைப் பொறுத்தவையே.

தாத்தா காலத்து வண்டியை முதலில் நோக்குவோம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் ஒரு பழைய கருப்பு மிதிவண்டி சுவரில் சாய்ந்து நிற்கும். 1949ஆம் ஆண்டு முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ‘ஹெர்குலிஸ்’ வண்டி அவ்வகைக்கு நல்ல சான்று. அதன் கைப்பிடி ஓட்டுபவரை நோக்கிப் பின்புறமாக வளைந்து வரும். முதுகு நிமிர்ந்திருக்கும், உடலின் எடை முழுவதையும் இருக்கையே தாங்கும், கைகளுக்குப் பளு மிகக் குறைவு. அரிசி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்லச் செல்வதற்கு அதைவிடச் சிறந்த அமைப்பைக் காண்பது அரிது. அதைப் பழையது என்று இகழ்வது அறியாமை. எனினும், எதிர்க்காற்றில் நிமிர்ந்த மார்பு பாய்மரம்போல் காற்றைத் தடுக்கும். நீண்ட ஏற்றத்தில் முன்னே சாய்ந்து மிதிக்கவும் அதில் இடமில்லை.

மலைப்பாதை வண்டிகளின் நேர்க்கைப்பிடி இதற்கு மாறானது. அது அகலமானது; கரடுமுரடான வழியில் உறுதியாகத் திருப்ப உதவும். அதன் குறை ஒன்றே: கையை வைக்க ஒரே இடம்தான். இரண்டு மணி நேரம் ஒரே நிலையில் கை இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

மூன்றாவது வகை, பந்தய வண்டிகளில் காணப்படும் ‘டிராப்’ கைப்பிடி. நடுத்தண்டு நேராகச் சென்று, இரு முனைகளிலும் முன்னோக்கி வளைந்து, பின்பு ஆட்டுக்கடாவின் கொம்புபோல் கீழே சுருண்டு வரும். இதில் கைவைக்க மூன்று இடங்கள் உள்ளன. ஏற்றத்தில் நிமிர்ந்து மூச்சுவிட வேண்டுமானால் மேல்தண்டைப் பிடிக்கலாம். சமதரையில் பிரேக் பிடியின் மேற்புறத்தில் கைகளைச் சாய்க்கலாம். எதிர்க்காற்றிலும் இறக்கத்திலும் கீழ்வளைவைப் பற்றிக் குனியலாம். கை இடம் மாறிக்கொண்டே இருப்பதால் சோர்வு எளிதில் வருவதில்லை. ஆனால், பந்தய வண்டியின் கைப்பிடி காற்றைக் கிழித்துச் செல்வதற்காகக் குறுகலாகவும் ஆழமாகவும் செய்யப்பட்டது. வழவழப்பான சாலைக்கு அது பொருந்தும். சரளையில் அது தடுமாறும்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே விரிந்த டிராப் கைப்பிடி. மேலே குறுகலாக இருக்கும் அதே கொம்புகள், கீழே இறங்க இறங்க இருபுறமும் வெளிநோக்கி விரியும். பாவாடையின் கீழ்விளிம்பு அகன்றிருப்பதுபோல் என்று எண்ணிக்கொள்ளலாம். இது நேற்றுத் தோன்றிய புதுமை அன்று. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்னும் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர்ப் பயணம் 1891இல் தொடங்கிய நாடு பிரான்சு. அந்நாட்டு நெடும்பயணிகள் சற்றே விரிந்த கைப்பிடிகளை முற்காலத்திலேயே விரும்பினர். கலிபோர்னியாவின் மலைப்பாதைகளில் சார்லி கன்னிங்காம் என்னும் வடிவமைப்பாளர் தம் வண்டிகளுக்கு டிராப் கைப்பிடியை அகட்டிப் பொருத்தினார். 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடந்த மலைப்பாதை உலகப் போட்டியில் ஜான் டோமாக் டிராப் கைப்பிடியுடனேயே கலந்துகொண்டார். அவர் சாலைப் பந்தயங்களிலும் ஓட்டியவர். இரண்டிலும் உடல் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

விரிவினால் வரும் நன்மை யாது? ஒரு கதவைத் தள்ளிப் பார்த்தால் விடை கிடைக்கும். கீலுக்கு அருகே தள்ளினால் கதவு அசைய மறுக்கும். விளிம்பில் தள்ளினால் ஒரு விரலுக்கே இணங்கும். முன்சக்கரம் ஒரு கல்லில் மோதும்போது கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்ப முயல்கிறது. கைகள் நடுவிலிருந்து விலகி இருக்குமளவு, அந்தத் திருப்பத்தைக் குறைந்த வலிமையால் அடக்கலாம். மேலும், கீழ்வளைவைப் பற்றும்போது விரல்கள் பிரேக் பிடியின் நுனிக்கு அருகே அமைகின்றன. ஆகவே குறைந்த அழுத்தத்தில் வண்டி நிற்கும். விரிந்த வளைவில் மணிக்கட்டு மேல்தண்டில் இடிப்பதும் இல்லை. இறக்கத்தில் இம்மூன்றும் ஒருசேரத் தேவைப்படும்.

விரிவைக் கோணத்தால் குறிப்பர். கணக்குப் பாடத்தில் கற்ற டான்ஜென்ட் இங்கே பயன்படும். மேலே பிரேக் பிடிகளுக்கு இடையே 42 செ.மீ. அகலமும், 12 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு கைப்பிடியை எடுத்துக்கொள்வோம். விரிவு 16 பாகை எனில், ஒவ்வொரு புறமும் ஏறத்தாழ 3.4 செ.மீ. வெளியே செல்லும், கீழ் அகலம் ஏறக்குறைய 49 செ.மீ. ஆகும். அதே கைப்பிடி 24 பாகை விரிந்தால் கீழ் அகலம் 53 செ.மீ. வரை போகும். காகிதத்தில் வரைந்து பார்த்தால் இவ்வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

அப்படியாயின் மிகுந்த விரிவே மிகச் சிறந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கொம்பு சாய்ந்தால் அதில் பொருத்திய பிரேக் பிடியும் சாயும். 20 பாகைக்கு மேற்பட்ட சில கைப்பிடிகளில், மேற்புறம் கைவைக்கும்போது மணிக்கட்டு முறுக்கிய நிலையில் இருக்கும். தங்கவயலிலிருந்து பங்காருப்பேட்டைக்குத் தார்ச்சாலையில் போவது மிகுதி, செம்மண் தடம் குறைவு என்னும் மாணவருக்கு 12 முதல் 16 பாகை போதும். வார இறுதிகளில் சரளை வழிகளிலேயே அலைபவர் 20 பாகைப் பக்கம் செல்லலாம். வீரம் காட்டுவதற்காக அதற்கு மேல் போவது வீண்.

மேல் அகலத்தைத் தோள் தீர்மானிக்க வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, இரு தோள்களின் முனையிலும் தடவினால் தட்டுப்படும் எலும்பு மேடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை மற்றொருவரைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். அளவு 38 செ.மீ. எனில் 38 அல்லது 40 செ.மீ. அகலமுள்ள கைப்பிடி பொருந்தும். வளர்ந்த ஆண்களுக்கான 46 செ.மீ. கைப்பிடியைப் பதின்மூன்று வயதுச் சிறுமி பிடித்தால், கைகள் அகன்று தோள்பட்டை விரைவில் களைத்துவிடும். ‘வளரும் பிள்ளைதானே, பெரிதாகவே இருக்கட்டும்’ என்று சட்டை வாங்குவதுபோல் கைப்பிடி வாங்குவதற்கில்லை.

கடையில் ஒரு குழப்பம் காத்திருக்கும். சில நிறுவனங்கள் அகலத்தை மேலே பிரேக் பிடிகளுக்கு இடையே அளக்கின்றன; சில, கீழ் முனைகளுக்கு இடையே அளக்கின்றன. குழாயின் நடுவிலிருந்து நடுவரை அளப்போரும் உண்டு. வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளப்போரும் உண்டு. 44 என்று எழுதிய இரு கைப்பிடிகள் கையில் எடுத்தால் வெவ்வேறாக இருப்பது இதனால்தான். அளவுநாடாவை உடன் கொண்டு செல்வதே பாதுகாப்பு.

இனி, வீட்டில் உள்ள வண்டியிலேயே கைப்பிடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா என்னும் வினா எழும். புதிய வண்டியின் விலையை நினைக்கும் எந்தப் பெற்றோருக்கும் தோன்றும் நியாயமான எண்ணம் அது. இங்கேதான் மிகுந்த விழிப்பு வேண்டும். பழைய கருப்பு வண்டியில் பிரேக் பிடிகள் கைப்பிடியோடு சேர்ந்தே அமைந்து, இரும்புக் கம்பிகளால் சக்கரத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். கைப்பிடியைக் கழற்றினால் பிரேக்கும் போய்விடும். நேர்க்கைப்பிடி வண்டியிலோ சிக்கல் வேறு. அதன் குழாய், பிடிக்கும் இடத்தில் 22.2 மி.மீ. தடிமன் உடையது, டிராப் கைப்பிடியின் குழாய் 23.8 மி.மீ. ஆகவே பழைய பிரேக் பிடி புதிய குழாயில் ஏறாது. புதிய பிடி வாங்கினாலும், அது கேபிளை இழுக்கும் தூரம் பழைய பிரேக்குக்குத் தேவையான தூரத்திற்கு ஒத்திருக்க வேண்டும். ‘வி-பிரேக்’ எனப்படும் வகைக்கு மிகுதியாக இழுக்க வேண்டும். சாதாரண டிராப் பிடிகள் அவ்வளவு இழுப்பதில்லை. பொருந்தாத இணைப்பில் பிடி கைப்பிடியைத் தொடும்வரை வந்தும் வண்டி நிற்காமல் போகலாம். இறக்கத்தின் நடுவில் இதைக் கண்டறிவது பேராபத்து. அனுபவமுள்ள மெக்கானிக் ‘இது சேராது’ என்று சொன்னால் அதை ஏற்பதே நல்லது.

இன்னொன்று, டிராப் கைப்பிடி ஓட்டுபவரின் கைகளை முன்னோக்கி இழுக்கும். பிரேக் பிடியின் மேற்புறம் நடுத்தண்டிலிருந்து பல செ.மீ. முன்னே இருக்கிறது. நேர்க்கைப்பிடிக்காக நீளமாகச் செய்த சட்டத்தில் அதைப் பொருத்தினால், ஓட்டுபவர் கொடியில் உலரும் துணிபோல் நீண்டு கிடப்பார். கைப்பிடியைத் தாங்கும் ‘ஸ்டெம்’ என்னும் சிறு பகுதியைக் குட்டையானதாக மாற்றி இதனை ஓரளவு சரிசெய்யலாம், முழுவதும் இயலாது.

கை மரத்துப் போவதைப் பற்றி முன்னர்க் குறிப்பிட்டோம். உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கமாக அல்நார் என்னும் நரம்பு செல்கிறது. நெடுநேரம் அங்கே எடை அழுத்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உணர்விழக்கும். கையை உதறிவிட்டு அதே நிலையில் தொடர்பவர் பலர், அது தவறு. பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை பிடிக்கும் இடத்தை மாற்றுவதும், கைப்பிடியின்மேல் தடித்த நாடா சுற்றுவதும் உதவும். இருக்கையின் முன்முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால் உடல் முன்னே வழுக்கி, எடை முழுவதும் கைகளில் இறங்கும். பலர் கைப்பிடியைக் குறை கூறும்போது உண்மைக் குற்றவாளி இருக்கையாக இருப்பதுண்டு. டயரும் அவ்வாறே: 25 மி.மீ. டயரில் கல்போல் காற்றடைத்துக்கொண்டு சரளையில் சென்றால் எந்தக் கைப்பிடியும் அதிர்ச்சியைத் தடுக்காது. 35 முதல் 40 மி.மீ. டயரும் அளவான காற்றும் முதலில் அமைய வேண்டும்.

சரளை வழியில் ஓட்டப் பழகும் தங்கவயல் மாணவர்கள் ஓர் இடத்தை மட்டும் விலக்க வேண்டும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும்வரை, பொடித்த பாறையிலிருந்து சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்தனர். எஞ்சிய கழிவு மண் சயனைடு மேடுகளாக ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. அதன் அளவு மூன்று கோடி டன்னுக்கும் மேல். சரிவும் மிருதுவான மணலும் மிதிவண்டிக்கு ஆசை காட்டும். ஆனால் அம்மண்ணில் நச்சுப் பொருள்கள் கலந்துள்ளன. காற்றில் எழும் தூசி மூச்சோடு உள்ளே செல்லும். அங்கே ஓட்டுவதற்கென்று ஒரு கைப்பிடி கிடையாது. பேத்தமங்கலம் வழி அதைவிட அழகானது. ஊருக்குக் குடிநீர் தந்த ஏரியும், தமிழ்நாட்டை நோக்கிச் செல்லும் பாலாறும் அங்கே உள்ளன.

கைப்பிடியை வாங்கிப் பொருத்தியபின் முதல் வாரம் அதை இறுதியாக முடுக்கி மறந்துவிட வேண்டாம். மேற்புறம் இருக்கையின் உயரத்திற்கு ஏறத்தாழ ஒத்திருக்குமாறு தொடங்குங்கள். தார்ச்சாலையில் ஒரு மணி நேரமும் செம்மண் தடத்தில் ஒரு மணி நேரமும் ஓட்டிப் பாருங்கள். மணிக்கட்டு மடிந்தால் கைப்பிடியைச் சிறிது மேல்நோக்கித் திருப்புங்கள். கீழ்வளைவில் இருந்து பிரேக் எட்டாவிட்டால் பிடியைச் சற்றுக் கீழே இறக்குங்கள். ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்தால் எது உதவியது என்பது விளங்கும். நாடா சுற்றுவதை இவையெல்லாம் முடியும்வரை தள்ளிவைக்கலாம். அதுவரை ஓர் ஆலன் சாவி சட்டைப்பையில் இருந்தால் போதும்.